ஞாயிற்றுக்கிழமைக் கத்திரிக்காய்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் திருத்திய எழுத்து வடிவம்)

டொராண்டோவில் இப்போது காலை பதினொரு மணி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவுச் சாப்பாட்டு நேரம். சிங்கப்பூர் நண்பர்கள் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. கவிதையும் நாவலும் பேசப்படும் இந்த மேடையில் நான் காய்கறிக் கடையைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் வரலாற்றாசிரியர் இல்லை. மூன்று வருட நர்சிங் டிப்ளமா படித்தவள். பகலில் வந்தவர்கள் எழுதிவைத்த கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு இரவு வேலையைத் தொடங்குவது எங்கள் பழக்கம். ஓர் ஊரின் வரலாற்றையும் அப்படித்தான் படிக்கிறேன்.

சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்து, ஞாயிறு காலை ஏழரைக்கு முதியோர் இல்லத்திலிருந்து வெளியே வருவேன். ஸ்கார்பரோவில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஈழத்தமிழரின் மளிகைக் கடை இருக்கிறது. ஆராதனைக்குப் போகுமுன் அங்கே நுழைந்துவிடுவேன். வாசலிலேயே மலிவு மேசை. இறாத்தல் 99 சென்டுக்குக் கத்திரிக்காய். சற்றுக் கனிந்த தக்காளி ஒரு கூடை 2 டாலர். உள்ளே பயிற்றங்காய், பாகற்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை. கடைக்காரரை நான் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவேன், நாகர்கோவில் வாய் அப்படித்தான் வரும். அவர் என்னை "மிஸ்ஸி" என்பார், இலங்கையில் நர்சுகளை அப்படித்தான் அழைப்பார்கள். நான் டொராண்டோ என்கிற ஊரை அவர் றொறன்ரோ என்பார். "மிஸ்ஸி, இண்டைக்கு விடியத்தான் வந்தது, பாத்து எடுங்கோ" என்பார்.

ஒரு ஞாயிறு அந்தக் கடையில் நிற்கும்போது ஊரிலிருந்து அம்மா போனில் வந்தார். பின்னால் கேட்ட சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "மக்களே, ஞாயித்துக்கெழம கடைக்கா போற?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த ஊரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. மீன்கூட சனிக்கிழமையே வாங்கிக் குழம்பு வைத்துவிடுவார்கள். சிறுவயதில் இதை நான் பத்துக் கட்டளைகளில் ஒன்று என்று மட்டுமே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, தென் திருவிதாங்கூரில் அதற்கு இன்னொரு வேரும் உண்டு. அரசுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய கட்டாயம் ஒடுக்கப்பட்ட சாதிகள்மேல் இருந்தது. அதன் பெயர் ஊழியம். கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு அழைக்கக்கூடாது என்று விலக்கு கிடைத்தது. அதாவது, என் முன்னோர்களுக்கு ஞாயிறு என்பது எந்த அதிகாரியும் வந்து பிடித்துக்கொண்டுபோக முடியாத நாள். இன்று எங்கள் சபைகளில் இறைப்பணியை "ஊழியம்" என்றுதான் சொல்கிறோம். யாரும் அந்தப் பழைய பொருளை நினைப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகாத பழக்கத்தில் அந்த நினைவு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி டொராண்டோவுக்கு வருவோம். இங்கேயும் ஞாயிறு கடுமையாகக் காக்கப்பட்டது, வேறு காரணத்துக்காக. ஊருக்கே "நல்ல டொராண்டோ" என்று கேலிப்பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிராம் ஓடலாமா என்று வாக்கெடுப்பு வைத்து, 1897இல்தான் ஓடவிட்டார்கள். ஈட்டன்ஸ் என்ற பெரிய பல்பொருள் கடை ஞாயிறு அன்று தன் கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரை போட்டு மூடியது, பார்ப்பதும் ஆசைதானே என்று. பூங்காக்களில் குழந்தைகளின் ஊஞ்சலைக்கூடக் கட்டிவைத்தார்கள். 1906இல் கனடா நாடாளுமன்றம் கர்த்தருடைய நாள் சட்டத்தை நிறைவேற்றியது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் குற்றமானது.

அதே ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் நகர மையத்தில் "வார்டு" என்று அழைக்கப்பட்ட ஏழைக் குடியிருப்பில் இருந்தார்கள். பிறகு மேற்கே நகர்ந்து கென்சிங்டன், அகஸ்டா, பால்ட்வின் தெருக்களில் குடியேறினார்கள். தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றவர்கள், கொஞ்சம் காசு சேர்ந்ததும் தாங்கள் குடியிருந்த வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கினார்கள். கீழே வியாபாரம், மேலேயும் பின்னாலும் குடும்பம். கடைக்குத் தனி வாடகை இல்லை, தனி வேலையாள் இல்லை. இப்படி உருவானதுதான் யூதச் சந்தை என்று அழைக்கப்பட்டு, இன்று கென்சிங்டன் மார்க்கெட் என்று அறியப்படும் இடம். கீவ் நகரத்தாரும் மின்ஸ்க் நகரத்தாரும் 1920களிலும் 30களிலும் எழுப்பிய ஜெபாலயங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. 2006இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இந்த வியாபாரிகளின் சிக்கலைப் பாருங்கள். சனிக்கிழமை அவர்கள் வேதப்படி ஓய்வுநாள். ஞாயிறு நாட்டின் சட்டப்படி ஓய்வுநாள். இரண்டையும் மதித்தால் வாரத்தில் ஐந்து நாள் பிழைப்பு. பக்கத்துத் தெருக் கிறிஸ்தவக் கடைக்கு ஆறு நாள். வாரத்துக்கு ஒருநாள் வருமானத்தை எழுதித் தள்ளிவிட்டு அவனோடு விலையில் போட்டி போட வேண்டும். உழைப்பைத் தவிர வேறு எதில் அதை ஈடுகட்ட முடியும்?

யூதர்கள் வடக்கே வசதியான பகுதிகளுக்குப் போனபின், அதே கடைகளுக்கு ஹங்கேரியர்கள் வந்தார்கள், போர்த்துக்கீசியர்கள் வந்தார்கள், கரீபியர்கள் வந்தார்கள். மீன் பெட்டியும் பாலாடைக் கட்டியும் மரவள்ளிக்கிழங்கும் சேனையும் ஒரே தெருவில் சேர்ந்தன. 1975இல் சிபிசி தொலைக்காட்சி "கிங் ஆஃப் கென்சிங்டன்" என்ற தொடரைத் தொடங்கியபோது அதன் நாயகன் இந்தச் சந்தையில் ஒரு சிறு கடைக்காரன். கதாநாயகனாக நடித்த ஆல் வாக்ஸ்மனுக்கு அங்கே பூங்காவில் சிலை இருக்கிறது. கடைக்காரனுக்குச் சிலை வைத்த ஊர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்னொரு கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜீன் லம், 1919இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தவர். டொராண்டோவுக்கு வந்து, பதினேழாவது வயதில் சொந்தமாகப் பழக்கடை போட்டார். அது சீனர்கள் குடியேறுவதையே கனடா தடைசெய்திருந்த காலம். 1923இல் வந்த அந்தத் தடை 1947 வரை நீடித்தது. பழம் விற்ற அந்தப் பெண்தான் 1957இல் பிரதமர் டீஃபன்பேக்கரைச் சந்தித்து, பிரிந்த சீனக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கச் சட்டத்தை மாற்றக் கேட்ட குழுவில் இருந்தார். புதிய நகர மண்டபம் கட்டுவதற்காக எலிசபெத் தெருவின் பழைய சீனா டவுனில் பெரும்பகுதியை இடித்தார்கள். மிச்சத்தையும் இடிக்கப் பார்த்தபோது முன்னால் நின்று தடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1976இல் கனடாவின் உயர்ந்த குடிமகன் விருதான ஆர்டர் ஆஃப் கனடா பெற்ற முதல் சீனக் கனடியப் பெண் அவர். பின்னர் சீனக் கடைகள் ஸ்பாடைனா சாலைக்கு நகர்ந்து, கென்சிங்டனை ஒட்டி வளர்ந்தன. இன்றும் நகர மையத்தில் மலிவாகக் கீரை வாங்க வேண்டுமென்றால் அங்கேதான் போவோம்.

தெற்காசியர்களுக்கு முதல் இடம் கிழக்கே ஜெரார்ட் தெரு. 1972இல் ஒரு பழைய திரையரங்கு நாஸ் தியேட்டர் ஆகி ஹிந்திப் படங்கள் ஓடின. படம் பார்க்க வந்த கூட்டத்தை நம்பிக் கடைகள் முளைத்தன. 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் வந்தபோது செயின்ட் ஜேம்ஸ் டவுனின் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள், அதையொட்டிய தெருக்களில் கடை வைத்தார்கள், பிறகு குடும்பங்களோடு ஸ்கார்பரோவுக்குப் பரவினார்கள். நான் கத்திரிக்காய் வாங்கும் கடை இந்த வரிசையில் வருவது.

சரி, எப்படி இவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிகிறது? பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அதே கத்திரிக்காய் பலமுறை இரண்டு மடங்கு விலை. அண்ணாச்சியிடமே கேட்டேன். "ஃபூட் டெர்மினலுக்கு ஒருநாள் வாங்கோ மிஸ்ஸி, விளங்கும்" என்றார்.

எட்டோபிக்கோவில் குவீன்ஸ்வே சாலையில் இருக்கும் ஒன்டாரியோ ஃபூட் டெர்மினல் 1954இல் திறக்கப்பட்டது. நம்மூர்க் கோயம்பேடு மாதிரி, மாகாண அரசின் வாரியம் நடத்தும் மொத்தச் சந்தை. ஏறத்தாழ 40 ஏக்கர். ஆண்டுக்குச் சுமார் 200 கோடி இறாத்தல் காய்கனி கைமாறுகிறது. நீங்களும் நானும் போய் அரைக் கிலோ வாங்க முடியாது, பதிவுசெய்த வியாபாரிகளுக்கு மட்டும். பெரிய சங்கிலிக் கடைகளுக்குச் சொந்தக் கிடங்கு உண்டு, பண்ணைகளோடு நேரடி ஒப்பந்தம் உண்டு. காயின் அளவு, நிறம், பளபளப்பு எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். சிறு கடைக்காரருக்கு டெர்மினல்தான் கதி, பலமும் அதுதான். இன்று எது அதிகமாக வந்திருக்கிறதோ அதன் விலை இறங்கும். இன்றே போனால்தான் உண்டு என்று கனிந்து நிற்கும் தக்காளியை ஒரு சங்கிலிக் கடை தொடாது. நாம் தொடுவோம், ஏனென்றால் நமக்கு ரசத்துக்கு அந்தத் தக்காளிதான் வேண்டும். வளைந்த வெண்டைக்காய் சாம்பாரில் நேராகவா கிடக்கப்போகிறது? 2019இல் டெர்மினலை அந்த இடத்தைவிட்டு மாற்றிவிடுவார்களோ என்ற பேச்சு எழுந்தபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது போயிருந்தால் என் 99 சென்ட் கத்திரிக்காயும் போயிருக்கும்.

ஆனால் டெர்மினலுக்கு அதிகாலை மூன்று, நான்கு மணிக்குப் போக வேண்டும். வேனில் ஏற்ற வேண்டும், எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும், இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். அண்ணாச்சி வேனோட, அவர் மனைவி கல்லாவில் நிற்க, மகன் பள்ளி விட்டு வந்து பெட்டி பிரிக்க. இதில் யாருடைய மணிநேரக் கூலியும் கத்திரிக்காய் விலையில் ஏறவில்லை. விலை குறைந்ததற்குப் பாதிக் காரணம் டெர்மினல் என்றால் மீதிப் பாதி இது.

இந்தக் குடும்ப உழைப்பைச் சட்டமே ஓர் அளவு வைத்து வரைந்திருக்கிறது என்று கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1975இல் ஒன்டாரியோ ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. கர்த்தருடைய நாள் என்ற பெயர் அதில் இல்லை, சில்லறை வியாபார விடுமுறைச் சட்டம் என்று பெயர். ஞாயிறு கடையடைப்பு. ஆனால் விலக்கு உண்டு. உணவுப் பொருள் விற்கும் சிறு கடை 2,400 சதுர அடிக்குக் குறைவாக இருந்து, விற்பனையில் மூன்று பேருக்கு மேல் நிற்காவிட்டால் திறக்கலாம். சனிக்கிழமை அடைக்கும் கடை என்றால் ஏழு பேர், 5,000 சதுர அடி.

மூன்று பேர். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. பெரிய கடைகளின் தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு தர வந்த சட்டம், குடும்பக் கடைக்கு மட்டும் ஞாயிறு உழைக்க அனுமதி தந்தது. போட்டியே இல்லாத ஒருநாள் அவர்களுக்குக் கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லும் வசதி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

1985 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம், கல்கரி நகரின் பிக் எம் டிரக் மார்ட் என்ற கடையின் வழக்கில், பழைய கர்த்தருடைய நாள் சட்டம் மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று செல்லாததாக்கியது. ஒரு மதத்தின் ஓய்வுநாளை எல்லோர்மேலும் திணிக்க முடியாது என்றது. நான் கிறிஸ்தவள். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். கென்சிங்டனின் யூத வியாபாரி இழந்த நாட்களுக்கு அது தாமதமாக வந்த நியாயம்.

அடுத்த ஆண்டு ஒன்டாரியோவின் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கில் இருந்தவர்கள் யார் தெரியுமா? எட்வர்ட்ஸ் என்ற புத்தகக் கடை, நார்டவுன் என்ற யூதர்களின் கோஷர் உணவுக் கடை, ஸ்பாடைனாவின் ரோம ஆடை வியாபாரி மாக்டர், இத்தாலியக் குடியேறிகள் 1956இல் தொடங்கிய லாங்கோ சகோதரர்களின் பழக்கடை. இந்த முறை சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. தலைமை நீதிபதி டிக்சன் பேசியது கடைத் தொழிலாளர்களைப் பற்றி. குடும்பமும் நண்பர்களும் ஒரே நாளில் ஓய்ந்திருப்பது முக்கியம், சங்கமில்லாத குறைந்த கூலித் தொழிலாளி முதலாளியிடம் ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்ல முடியாது, அவருக்காகச் சட்டம் பேசலாம் என்பது அதன் சாரம். இதைப் படித்தபோதும் நான் தலையாட்டினேன். எங்கள் ஊரின் ஊழிய விலக்கும் இதே நியாயம்தானே?

1992 ஜூனில் ஒன்டாரியோ ஞாயிறு வியாபாரத்தைப் பொதுவாக அனுமதித்தது. சிறு கடைக்கிருந்த ஒரே சலுகை போயிற்று, ஞாயிறு உழைப்பு மட்டும் மிஞ்சியது. இப்போது ஏழு நாளும் பெரிய கடைகளோடு போட்டி. லாப்லா, சோபீஸ், மெட்ரோ, வால்மார்ட், காஸ்ட்கோ என்ற ஐந்தும் சேர்ந்து கனடாவின் உணவு விற்பனையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கையில் வைத்திருக்கின்றன. குடியேறிகளின் கடைகளில் வளர்ந்தவற்றை அவை வாங்கியும்விட்டன. ஆசிய உணவுக் கடையான டி அண்ட் டி 2009இல் லாப்லாவிடம் போனது, ஸ்கார்பரோவின் லெபனானியக் கடை ஆர்ஸ் 2014இல் போனது. ஞாயிறுக்காக வழக்காடிய லாங்கோவின் பெரும்பங்கு 2021இல் சோபீஸின் தாய் நிறுவனத்துக்குப் போனது. ரொட்டி விலையைப் பல ஆண்டுகள் சேர்ந்து பேசி உயர்த்தியதில் தங்களுக்கும் பங்குண்டு என்று லாப்லாவும் அதன் தாய் நிறுவனமும் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டன. மலிவு மேசையின் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

கத்திரிக்காயைத் தடம்பிடித்தால் கடையோடு முடிவதில்லை. கோடையில் அது ஒன்டாரியோ வயலிலிருந்து வருகிறது. 1966இல் ஜமைக்காவிலிருந்து 264 பேரைப் பருவகாலப் பண்ணைவேலைக்கு அழைத்துவந்ததில் தொடங்கிய திட்டத்தில், 1974 முதல் மெக்சிகோக்காரர்களும் வருகிறார்கள். குடும்பத்தை அழைத்துவர முடியாது, பருவம் முடிந்ததும் திரும்ப வேண்டும். இந்த மாகாணத்தின் வேலைத்தரச் சட்டம் மற்றவர்களுக்குத் தரும் வேலைநேர வரம்பும் வாராந்திர ஓய்வும் பண்ணைத் தொழிலாளிக்குப் பொருந்தாது. 2020இல், மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளிகளில் மூன்று பேர் ஒன்டாரியோவில் கொரோனாவுக்குப் பலியானார்கள். அந்த மாதங்களில் நானும் வேலையில் இருந்தேன். எங்களுக்கு மாலையில் கைதட்டினார்கள். வயலில் நின்றவர்களுக்கு யார் தட்டினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

தமிழ்நாட்டு நேயர்கள் இதைக் கனடாக் கதை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கும் அண்ணாச்சி கடையும் குடியேறியவரின் கடைதான். தெற்கே நெல்லை, தூத்துக்குடி, குமரியிலிருந்து போனவர்கள். ஊரிலிருந்து கூட்டிவந்த பையன் கடையிலேயே சாப்பிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் தூங்கித் தொழில் கற்பான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்திருத்தம் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால்கள் மாலையில் எப்படி இருக்கும் என்று எந்த நர்சைக் கேட்டாலும் சொல்வாள். கடையில் அக்கா கல்லாவுக்குப் பின்னால் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றும்போது என் கண் கணுக்காலுக்குப் போய்விடும். வீக்கத்தைப் பார்த்து, "அக்கா, டாக்டரிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன். "ஞாயிறு கிளினிக் பூட்டு, மிஸ்ஸி. மற்ற நாள் கடை" என்றார்.

அண்ணாச்சியிடம் ஒருமுறை கேட்டேன், உங்களுக்கு எப்போது லீவு என்று. அவர் நெற்றியில் திருநீறு, கல்லாவுக்கு மேலே நல்லூர் முருகன் படம். "டிசம்பர் 25, மிஸ்ஸி. அண்டைக்குச் சனம் வராது" என்றார். எங்கள் பண்டிகைதான் அந்தச் சைவக் குடும்பத்துக்கு வருடத்தின் ஒரே ஓய்வு. சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து காயைக் கழுவும்போது சிரிப்பு வரவில்லை.

மலிவாக வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் வாடகை கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பும் எங்களைப் போன்றவர்களின் அடுப்பு இந்தக் கடைகளால்தான் எரிகிறது. வந்த புதிதில் கையில் நாற்பது டாலரோடு ஒரு வாரத்தை ஓட்டியவள் நான். விலையைக் கூட்டுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னால், மறுநாளே பக்கத்துச் சங்கிலிக் கடைக்குப் போகப்போவது என்னைப் போன்றவர்கள்தான். அதனால் என்னிடம் தீர்வு இல்லை. இரண்டு காரியங்கள் மட்டும் செய்கிறேன். மலிவு மேசையில் கிள்ளிப் பார்த்துத் திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு வியாழன் மாலையில் ஒரு டாக்டர் நேரம் வாங்கிக் கொடுத்தேன். அந்த இரண்டு மணிநேரம் கல்லாவில் நின்றது நான். பயிற்றங்காயையும் பீன்ஸையும் மாற்றிப் போட்டு ஒருவரிடம் திட்டும் வாங்கினேன்.

அம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "ஆமாம்மா, ஞாயித்துக்கெழமதான் போறேன். நான் லீவில்ல, அவங்களும் லீவில்ல" என்றேன். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவங்க எப்ப மக்களே உக்காருவாங்க?"

அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கடைகளைப் பற்றிச் சொல்ல இருப்பவர்கள் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.